பின்வரிசையைப் பாருங்கள்: ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை பிறந்தால் என் வீட்டுத் திண்ணையில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். எல்லாம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை விசாரணைதான். இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் என்பதால், ஊரில் உள்ள பள்ளிகளின் ஜாதகமெல்லாம் என் கையில் இருப்பதாக ஒரு நம்பிக்கை. வருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்வி: “டீச்சர், நன்றாகப் படிக்க வைக்கும் பள்ளியில் சேர்ப்பதா, பிள்ளையை அன்பாகப் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் சேர்ப்பதா?”

ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை வேறு வேறு பள்ளிகளாக இருக்க முடியாது. பயந்த குழந்தை “புரியவில்லை” என்று வாய் திறக்காது. அந்தச் சொல்லைக் கேட்காத ஆசிரியருக்கு, பாடம் எந்த இடத்தில் நழுவியது என்பதும் தெரியாது. அதேபோல, கொஞ்சிக் கொஞ்சி வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டக்கூடக் கற்றுத்தராமல் பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்பும் பள்ளியை அன்பான பள்ளி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் தலைகுனிந்து நிற்கும்போது, கொஞ்சியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

ஆகவே எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைக் காட்டி எந்தப் பள்ளியும் தன்னை விற்கும். அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். எங்கே போட்டாலும் முளைத்துவிடும். பின்வரிசையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் பார்க்கும் முறை ஒன்றே. ஒரு வேலைநாள் காலையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு மாலையும் ஒதுக்குங்கள்.

படி 1: புறப்படும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர் பக்கம் நிற்கும் இடங்கள் சில உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. நன்கொடை வாங்கக் கூடாது. குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு எதுவும் வைக்கக் கூடாது; வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். அடிப்பதும் மனம் நோகடிப்பதும் தடைசெய்யப்பட்டவை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேர்காணல் பற்றி ஒரு வார்த்தை. அபராதத்துக்குப் பயந்து, “சும்மா குழந்தையோடு பேசிப் பார்க்கிறோம்” என்று அதற்குப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். நிறம், பழம், வாய்ப்பாடு எல்லாம் கேட்டுத் தேறிய பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு “எங்கள் பள்ளியில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்” என்று பலகை வைப்பார்கள். விளைந்த கதிரை விலைக்கு வாங்கி வந்து, நான் பயிரிட்டது என்று சொல்வதைப் போன்றது அது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் உங்கள் குழந்தையின் விளையாட்டு நேரம் முழுவதும் சாலையில் போய்விடும். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து போகக்கூடிய பள்ளிக்கு நான் எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடப் போடுவேன்.

படி 2: மணி அடிக்கும் முன் வாசலில் நில்லுங்கள்

பள்ளிக்கு எதிரே டீக்கடையோ பெட்டிக்கடையோ கட்டாயம் இருக்கும். முதல் மணிக்கு அரை மணி நேரம் முன்பே அங்கே போய்விடுங்கள். பிள்ளைகள் எப்படி உள்ளே போகிறார்கள்? ஓடிப் போகிறார்களா, கால் இழுக்கிறார்களா? வாசலில் யாராவது பெயர் சொல்லி அழைக்கிறார்களா? “ஏய், நீ, பச்சைப் பை” என்று விரட்டுகிறார்களா?

மணி அடித்த பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். கடைசியில் ஓடி வரும் குழந்தைக்காகக் காத்திருங்கள். ஆறு வயதுப் பிள்ளை தாமதமாக வந்தால் அது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை. வீட்டுப் பெரியவர்களின் நேரம் அது. இதை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில், தினமும் பதினைந்து நிமிடம் பிந்தி வந்த ஒரு சிறுமியை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். இரண்டு வாரம் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா விடியற்காலையில் களையெடுக்கப் போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கன்வாடி ஆயா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள் என்று சக ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு வாரப் பாடத்தை அவளுக்குத் திரும்ப நடத்தினேன். நிற்க வைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

வாசற்கதவைப் பூட்டிவிட்டு, பிந்தி வந்தவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தும் பள்ளியில் ஒழுக்கம் இருப்பதாகச் சிலர் மெச்சுவார்கள். எனக்கு அங்கே தெரிவது, காரணம் கேட்க நேரமில்லாத பெரியவர்கள்தான்.

படி 3: கழிப்பறை, தண்ணீர்

தலைமையாசிரியர் அறையைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா? இவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சிறுமியிடம், “பள்ளியில் ஒன்றுக்குப் போவாயா?” என்று கேளுங்கள். “வீட்டுக்கு வந்துதான்” என்று பதில் வந்தால், அந்தக் குழந்தை பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை என்று பொருள்.

கழிப்பறையைக் கழுவுவது யார் என்றும் கேளுங்கள். பிள்ளைகள் என்று தெரிந்தால், அதிலும் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் மட்டும் என்று தெரிந்தால், மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. புகார் கொடுங்கள்.

படி 4: சாப்பாட்டு நேரம்

பள்ளியில் சோறு போடுவது நமக்குப் புதிதில்லை. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் மதிய உணவு வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் சுருண்டு விழுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அந்த உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய பாடத்துணைக்கருவி என்று தெரியும். காலி வயிற்றுக்கு எந்தக் கற்பித்தல் முறையும் ஏறாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது சமையலின் ருசியை மட்டுமல்ல. ஆசிரியர் முதலில் சாப்பிட்டுப் பார்க்கிறாரா? இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைக்குத் தட்டில் விழுகிறதா, முறைப்பு விழுகிறதா? முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கிறதா? யாரோடு யார் உட்காருகிறார்கள்? தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு தூணோரம் சாப்பிடும் குழந்தை இருந்தால், ஏன் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கிறதா? தனியார் பள்ளியில் டிபன் டப்பா திறக்கும் நேரமும் இப்படித்தான். பழைய சோறு கொண்டுவந்த பிள்ளை மூடியைப் பாதி மூடி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறதா என்று பாருங்கள்.

படி 5: வகுப்பறைக்குள்

உள்ளே விட மாட்டோம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. ஜன்னலோரம் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். ஆண்டு விழாவுக்கு மட்டும் பெற்றோரை அழைக்கும் பள்ளி நடனத்தைத்தான் காட்டும்.

வகுப்பு அமைதியாக இருந்தால் மயங்கிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவினால், மேசை மேல் பிரம்பு இருக்கிறது என்று அர்த்தம். இரைச்சலிலும் இரண்டு வகை உண்டு. ஆசிரியர் போனில் மூழ்கியிருக்கும்போது வரும் கூச்சல் ஒன்று. நான்கு மூலைகளில் நான்கு குழுக்கள் ஆளுக்கொன்றாக வாசிக்கும்போது எழும் தேனீ ஓசை மற்றொன்று. ஒரு நிமிடம் கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

என் பணிக்காலத்தில் வகுப்பறை தலைகீழாக மாறியதை ஒரு முறை பார்த்தேன். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் வந்தது. நாற்காலி போய்ப் பாய் வந்தது. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை அடித்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ‘ஏணிப்படி’ அட்டவணையில் ஒவ்வொரு குழந்தையும் தன் இடத்தைப் பார்த்து, தனக்குரிய பாட அட்டையைத் தானே எடுத்து வரும். எங்களில் பலர் முதலில் முணுமுணுத்தோம். தரையில் உட்கார்ந்து எழுந்து முழங்கால் வலித்ததும் ஒரு காரணம். அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டை வரத் தாமதமாயிற்று, பெரிய வகுப்புகளில் முறையே குழம்பியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதை நான் முதன்முதலில் கண்டது அந்த ஏணியில்தான்.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அந்தச் சாயல் இருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போனால் இந்தக் குழுக்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: “ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மொட்டுக்குப் போனார்கள்?” குழு மாறிக்கொண்டே இருந்தால் திட்டம் வேலை செய்கிறது. ஆண்டு முழுவதும் அதே ஏழு பேர் அதே மூலையில் இருந்தால், அழகான பெயர் சூட்டிப் பிள்ளைகளை ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தலைகளையும் எண்ணுங்கள். சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியைக் கண்டதும் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 25 பிள்ளைகளும், ஒவ்வொருவர் வீட்டு வாசலும் தெரிந்த இரண்டு ஆசிரியர்களும் உள்ள பள்ளி, ஒரு பிரிவில் 50 பேரை அடைத்திருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தைவிட மேல். கேட்க வேண்டியது, இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் அன்று என்ன நடக்கும் என்பதை.

புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நிலைவாரியான நூல்களும் ‘ஊஞ்சல்’ சிறுவர் இதழ்களும் கயிற்றில் தொங்கி, ஓரம் மடிந்து, எண்ணெய்க் கறையோடு இருந்தால் சந்தோஷப்படுங்கள். பீரோவுக்குள் புத்தம் புதிதாக அடுக்கியிருந்தால் அவை ஆய்வு அதிகாரிக்காக வாங்கியவை.

படி 6: வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பள்ளிக்குப் போகக்கூட வேண்டாம். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மூன்று நான்கு பிள்ளைகள் உங்கள் தெருவில் இருப்பார்கள். ஒரு மாலை அவர்களைக் கூப்பிட்டு, கடலை மிட்டாய் கொடுத்து, விளையாட்டாக உட்கார வையுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளின் கற்றலை அளக்க 2005 முதல் நடத்தும் ஏசர் (ASER) ஆய்வின் வழியும் இதுதான்: வீட்டுக்கே போய், எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

பாடப்புத்தகத்தை மட்டும் நீட்டாதீர்கள். பிள்ளை ராகம் போட்டு ஒப்பிக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். நீங்களே நான்கு வரி எழுதுங்கள். நான் வைத்திருப்பது இது:

“கொக்கு குளத்தின் கரையில் நின்றது. பெரிய மீன் ஒன்று துள்ளியது. கொக்கு தலையைச் சாய்த்துப் பார்த்தது. மீன் சேற்றுக்குள் ஒளிந்துகொண்டது.”

எளிதாகத் தெரியும். ஆனால் தமிழ் எழுத்தின் கண்ணிகள் எல்லாம் இதில் உண்டு. ‘கொ’வில் கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். சரியாகப் பழகாத பிள்ளை ‘கெ’ என்று தொடங்கிக் காலைக் கண்டதும் திகைக்கும். ‘சேற்றுக்குள்’ என்ற இடத்தில் புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு ‘சேறுகுள்’ என்று படித்தால், ஒற்றெழுத்து இன்னும் கைவரவில்லை. ‘துள்ளியது’வில் ள சரியாக வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு வருவதில்லை.

வாசித்து முடித்ததும் கேளுங்கள்: “மீன் ஏன் ஒளிந்துகொண்டது?” விடை அந்த நான்கு வரியில் எங்கும் இல்லை. “கொக்கு தின்றுவிடுமே” என்று உடனே சொல்கிற பிள்ளை வாசிக்கக் கற்றிருக்கிறது. கடகடவென்று படித்துவிட்டு, இந்தக் கேள்விக்கு “சேற்றுக்குள் ஒளிந்துகொண்டது” என்று திரும்ப ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரிந்திருக்கிறது; வாசிப்பு இனிமேல்தான் வர வேண்டும்.

கணக்குக்கு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 வந்தால் சரி. 35 வந்தால், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் சடங்காக நடந்திருக்கிறது, பொருள் ஏறவில்லை. அதே பிள்ளையிடம், “52 ரூபாய் வைத்திருக்கிறாய், 27 ரூபாய்க்குப் பென்சில் டப்பா வாங்கினால் மீதி எவ்வளவு?” என்று வாய்க்கணக்காகக் கேளுங்கள். சிலர் யோசித்து, விரல் மடக்கி, 25 என்று சரியாகச் சொல்வார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். கடைத்தெருவில் கணக்கு தெரிந்த பிள்ளைக்குத் தாளில் தெரியாமல் போவது கற்பித்தலின் கோளாறு. முந்நூற்று நான்கை எழுதச் சொன்னால் 3004 என்று எழுதுவதும் இந்த வகைதான். இடமதிப்பைக் குச்சிக் கட்டுகளை வைத்துத் தொட்டுக் காட்டாமல் பலகையில் மட்டும் சொல்லிப் போனதன் விளைவு.

ஆங்கில வழிப் பள்ளி என்றால் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். பாட்டு எல்லோருக்கும் வரும். “இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, முழு வாக்கியமாகப் பதில் வருகிறதா பாருங்கள். அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் வரவில்லை என்றால், நீங்கள் கட்டப்போகும் கட்டணம் உச்சரிப்புக்கு மட்டும்தான்.

ஒரு பிள்ளை தடுமாறினால் பள்ளியைக் குறை சொல்லிவிடாதீர்கள். நான்கில் மூன்று பேர் அதே இடத்தில் தடுமாறினால், சந்தேகம் வேண்டாம்.

படி 7: நோட்டுப் புத்தகம்

அதே பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம், ஒரே பிழையோடு இருந்தால் அது பலகையிலிருந்து பார்த்து எழுதியது. தப்பான விடைக்கும் சிவப்பு மையில் ‘சரி’க் குறி விழுந்திருந்தால் ஆசிரியர் பக்கம் புரட்டியிருக்கிறார், படிக்கவில்லை. பிழையைச் சுட்டி, பக்கத்திலேயே பிள்ளை திருத்தி எழுதி, அதையும் ஒருவர் மறுபடி பார்த்திருந்தால், அந்த ஒரு பக்கத்துக்காகவே பள்ளியில் சேர்க்கலாம்.

அழகான கையெழுத்து நோட்டை எல்லோரும் காட்டுவார்கள். கோழி கிளறியதுபோல் எழுதும் பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சொந்தமாக ஒரு வரியாவது இருக்கிறதா? “எங்கள் ஆடு குட்டி போட்டது” என்று எழுத்துப்பிழையோடு ஒரு வரி இருந்தால், அதற்கு இடம் கொடுத்த ஆசிரியர் நல்லவர்.

பையையும் தூக்கிப் பாருங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பை 1.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2018-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அறிவுறுத்தியது. நடைமுறையில் வீட்டுப்பாடம் அம்மாவுக்குத்தான்.

படி 8: தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் பார்த்த பிறகு அவர் அறைக்குப் போங்கள். தேர்ச்சி விகிதம் கேட்காதீர்கள். “மூன்றாம் வகுப்பில் இன்னும் வாசிக்க வராத பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேளுங்கள்.

“அப்படி யாரும் இல்லை” என்பவரை நம்பாதீர்கள். நான் இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. “வீட்டில் படிக்காத பெற்றோர், நாங்கள் என்ன செய்வது?” என்பவர் உண்மை பேசுகிறார்; ஆனால் கைகழுவிவிட்டார். “ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்குக் கண்பார்வை சோதிக்கச் சொல்லியிருக்கிறோம். ஒருவன் செங்கல் சூளை வேலைக்காகப் பெற்றோரோடு ஆறு மாதம் வெளியூர் போய் வந்தவன். மற்ற இருவரையும் மதியம் அரை மணி நேரம் நான் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறேன்” என்று பேசுகிறவர் கிடைத்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

அடுத்து, “ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” போன் செய்வோம் என்பது நல்ல பதில். யாராவது வீட்டுக்குப் போவோம் என்பது அதைவிட நல்ல பதில். பெயரை அடித்துவிடுவோம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு பற்றியும் விசாரியுங்கள். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், அது நிறைவேறியதா? கையெழுத்து மட்டும் வாங்கப்படும் கூட்டமா, சண்டை போடப்படும் கூட்டமா? சண்டை போடப்படும் கூட்டம் நல்லது.

படி 9: யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது?

உங்கள் குழந்தைக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் பாருங்கள். சாய்வுதளம் இருக்கிறதா, அதன் மேல் சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்களா? காது மந்தமான பிள்ளையை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்? வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளை, பின்னலாடை ஆலைக்கு வந்த பீகார் தொழிலாளியின் பிள்ளை, தமிழில் தடுக்கி விழும்போது வகுப்பு சிரிக்கிறதா? ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறாரா? கொங்குப் பேச்சையோ சேரிப் பேச்சையோ “இது தமிழே இல்லை” என்று திருத்துகிறவரிடம், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்காது.

மதிப்பெண்படி ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என்று ஏழு வயதிலேயே பிரிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை ‘ஏ’வில் இருப்பான் என்ற நம்பிக்கையில் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே ‘ஏ’வில் இருக்கும் பிள்ளையும் ‘பி’யைப் பற்றிய பயத்தில்தான் படிக்கும்.

படி 10: தேர்ந்தெடுக்க வேறு பள்ளி இல்லை என்றால்

பலருக்கும் நிலைமை இதுதான். நடக்கும் தூரத்தில் ஒரே பள்ளி; மற்றதற்குக் காசு இல்லை. அப்போது மேலே சொன்ன படிகளைத் தேர்வுக்காக வைத்துக்கொள்ளாமல் வேலைப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழுத் தேர்தலுக்குப் போங்கள், உறுப்பினராகுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் மாதிரி, முடியக்கூடியதாக. அது நடந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும். அடி, சாதிப் பேச்சு போன்றவற்றுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. மற்றவற்றுக்கு முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் வட்டாரக் கல்வி அலுவலர். நேராக மேலே போனால், கீழே உங்கள் பிள்ளை தினமும் போய் உட்கார வேண்டியவரை எதிரியாக்கிக்கொள்வீர்கள்.

சேர்த்துவிட்டீர்களா? முதல் வாரம் வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் சில வரிகள் எழுதிக் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், எதற்குப் பயம், எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, வீட்டில் என்ன மொழி, அவசரமாக ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லும் என்று. என் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட தாள்களை ஆண்டு முழுவதும் வைத்திருப்பேன். ஒரு தாத்தா, எழுதத் தெரியாததால் பேத்தியை விட்டே எழுதச் சொல்லிக் கொண்டுவந்தார். இரண்டாம் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழோடு வந்த பிள்ளை. “எனக்கு இடி பயம். டீச்சர் கையைப் புடிச்சிக்கணும்” என்று எழுதியிருந்தாள். அந்த ஐப்பசியில் மழை கொஞ்சம் அதிகம். பாடத்தைப் பாதி நாள் ஒரு கையால்தான் பலகையில் எழுதினேன்.